வாட்டில் படிப்பிக்கிறவர் எப்படி இருக்க வேண்டும்?

வன்னி வைத்தியசாலைகளில் நீண்ட காலம் தாதியாக இருந்து, பயிற்சித் தாதியருக்கு வாட்டிலேயே படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர் பதில் சொல்கிறார்.

கேள்வி (பயிற்சித் தாதி, கிளிநொச்சி): சிஸ்டர், எங்கள் வாட்டில் ஒரு சீனியர் இருக்கிறார். கை வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் இரண்டு மாதம் அவருக்குப் பின்னால் திரிந்தும் நான் ஒன்றும் படித்த மாதிரி இல்லை. பிழை என்னிலா?

பதில்: இல்லை மகள். அவருடைய கையைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், யோசனையை அவர் வெளியே விடுவதில்லை. எனக்கும் இப்படி ஒரு டொக்டர் வாய்த்தார். ஒருநாள் விடியப்புறம் ஒரு பொடியனைக் கொண்டு வந்தார்கள். வயிற்றுக்குத்து, சத்தி, காய்ச்சல் இல்லை. சாப்பாட்டில் ஏதோ பிழை என்று நாங்கள் நினைத்துக்கொண்டு நிற்க, அவர் வந்து இமையைப் பார்த்தார், "இரவு எங்கே படுத்தாய்?" என்று கேட்டார், உடனே பாம்பு விஷத்துக்கான மருந்தை எடுக்கச் சொன்னார். கட்டுவிரியன். பொடியன் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவன். அந்தப் பாம்பு கடித்தால் பல நேரம் நோவும் இருக்காது, பல் பட்ட அடையாளமும் தெரியாது. முதலில் வயிறு குத்தும், பிறகு இமை சரியும், கடைசியில் மூச்சே நின்றுபோகும்.

பொடியன் தப்பினான். நாங்கள் "டொக்டர் கெட்டிக்காரர்" என்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனோம், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து இன்னொரு டொக்டர் அதே மாதிரி ஒரு நோயாளியின் பக்கத்தில் நின்று, "விடியப்புறம், நிலத்தில் படுத்தவர், காய்ச்சல் இல்லாத வயிற்றுக்குத்து. எனக்கு இப்போது எதில் பயம் தெரியுமா?" என்று சத்தமாக யோசித்தார். அன்றைக்குத்தான் அந்தப் பழைய பொடியனின் கதையும் எனக்கு விளங்கியது.

உங்கள் சீனியரிடம் நீங்களே கேட்கலாம். ரவுண்ட் நேரத்தில் வேண்டாம், தேத்தண்ணி நேரத்தில். "ஏன் செய்தீர்கள்" என்றால் விசாரணை மாதிரி இருக்கும். "எதைக் கண்டு அப்படி நினைத்தீர்கள்" என்று கேளுங்கள். ஊமை மாதிரி இருப்பவர்களும் அதற்கு வாய் திறப்பார்கள்.

கேள்வி (தாதிய உத்தியோகத்தர், முல்லைத்தீவு): நாற்பது நோயாளர், டியூட்டியில் இரண்டு பேர். படிப்பிக்க நேரம் எங்கே சிஸ்டர்?

பதில்: நேரம் இல்லைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குள்ளேயே சும்மா நிற்கிற நேரம் கொஞ்சம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவருக்கு இரத்தம் உறைகிறதா என்று பார்க்கிறோமே. 2 மில்லிலீற்றர் இரத்தம், உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒருமுறை சரித்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று எடுப்போம். பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் அப்போது கேளுங்கள்: பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் என்ன? சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் என்றால்? கண்ணாடி பட்டால்தான் உறைதல் தொடங்கும் என்பதும், சவர்க்காரம் அதைக் கெடுத்துவிடும் என்பதும், பிழையான குழாயால் தேவையில்லாத ஆளுக்கு விஷமுறிப்பு மருந்து ஏறக்கூடும் என்பதும் அந்த இடைவெளியிலேயே மண்டையில் ஏறிவிடும். நோயாளியை இடையிடையே பார்த்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

மற்றபடி, நோயாளியின் பக்கத்தில் நின்று படிப்பிப்பதற்கு 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் எழுதிய ஐந்து படி முறை ஒன்று உண்டு. ஐந்தையும் பாடமாக்கத் தேவையில்லை. முதல் இரண்டு போதும்: "நீ என்ன என்று நினைக்கிறாய்?", பிறகு "எதை வைத்து?". பதிலை நாங்களே முந்திக்கொண்டு சொல்லாமல் வாயை அடக்குவதுதான் பெரும்பாடு. எனக்கு இன்றைக்கும் முழுதாகக் கைவரவில்லை.

கேள்வி (ஆண் தாதி, வவுனியா): ஏச்சு வாங்கித்தான் நாங்கள் படித்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு சொல்லுக்கே அழுகிறார்கள்.

பதில்: தம்பி, நானும் ஏசினவள்தான். சேலைன் ஓடுகிற வேகத்தைப் பிழையாக வைத்த ஒரு பிள்ளையை வாட் முழுக்கக் கேட்க ஏசினேன். அடுத்த கிழமை அதே பிள்ளை கட்டில் மாறி ஒருவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பின்னேரம் வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. நல்ல காலம், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்குப் பயத்தில், மிஸ்" என்றாள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பிழையான மருந்தை ஏற்றப் போகிற கையை "நிற்பாட்டு!" என்று கத்தித் தடுப்பது வேறு, அதில் பிழையே இல்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு, செய்த காரியத்தைப் பற்றிக் கதையுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்.

கேள்வி (நோயாளியின் மகன், புதுக்குடியிருப்பு): அம்மாவின் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்று இங்கிலிசில் கதைத்துவிட்டுப் போனார்கள். தனக்குப் புற்றுநோய் என்று நினைத்து அம்மா இரவெல்லாம் அழுதார்.

பதில்: அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள், ஐயா. தொடங்கும் முன் "அம்மா, இந்தப் பிள்ளைகள் உங்களைப் பார்த்துப் படிக்கலாமா?" என்று கேட்க வேண்டும், முடிந்ததும் என்ன கதைத்தோம் என்று தமிழில் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு, அதனால் வைத்தியம் குறையக் கூடாது. தமிழில் சொல்ல வராது என்பதெல்லாம் சாட்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார்.

கேள்வி (இளம் வைத்தியர், மாங்குளம்): மாணவர் கேட்பது எனக்கே தெரியாவிட்டால்?

பதில்: "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நாளைக்கு வந்து சொல்லுங்கள். இரண்டாவதைத்தான் அநேகம் பேர் மறக்கிறார்கள்.

கேள்வி (தாதிய உத்தியோகத்தர், கிளிநொச்சி): இந்தமுறை வந்த பிள்ளைகளில் அரைவாசிப் பேருக்குச் சிங்களம் மட்டும்தான். நோயாளர் எல்லாரும் தமிழ். எப்படிச் சமாளிப்பது?

பதில்: நான் நோயாளரையே வாத்தியாராக்கினேன். தொய்வுக்காரர் (ஆஸ்துமா) ஒரு ஐயா, நாரி (கீழ் முதுகு) நோவோடு ஒரு ஆச்சி. தினமும் காலையில் பிள்ளைகள் இவர்களிடம் ஐந்து சொல் கேட்டு வர வேண்டும். நாரி என்றால் எந்த இடம், முட்டு என்றால் என்ன, உளைவுக்கும் எரிவுக்கும் என்ன வித்தியாசம். அகராதியில் பார்த்தால் பாதி விளங்காது, கொழும்பில் இருந்து வந்த தமிழ்ப் பிள்ளைக்கே "தொய்வு" தெரியவில்லை. ஆச்சி ஒரு கிழமை கண்டிப்பாகப் படிப்பித்தார். வீட்டுக்குப் போகிற அன்று, "இந்தப் பிள்ளைக்கு இன்னும் 'ழ' வரவில்லை" என்று என்னிடம் முறைப்பாடு வைத்துவிட்டுத்தான் போனார்.