வாசகர் கேள்வி பதில்: வெள்ளக்கல் மேட்டுல கன்னு ஏன் நிக்க மாட்டேங்குது?

கேள்வி: வணக்கம்ங்க, எங்களுக்கு சேலம் செட்டிச்சாவடி பக்கம். வேலை முடிஞ்சு சும்மா கெடக்கிற மைன்ஸ் மண்மேட்டுல போன ஐப்பசியில பசங்கல்லாம் சேந்து வேம்பு, புங்கன்னு 60 கன்னு வெச்சோம். செம்மண் கொண்டாந்து குழியில போட்டு டேங்கர்ல தண்ணி ஊத்தியும் சித்திரைக்குள்ள 52 பட்டுப்போச்சு. சுண்ணாம்பு மண்ணுல எதுவும் வராதுன்னு பெரியவங்க சொல்றாங்க, நெசமாங்க?

பதில்: 60 கன்னுக்கும் தண்ணி சொமந்த பசங்கள நெனச்சா மனசு கஷ்டமா இருக்குங்க. ஆனா தப்பு அவங்க மேல இல்ல. வெள்ளக்காரன் இந்த மலைக்கு சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணாம்பு மலைன்னு பேரு வெச்சதுல எல்லாரும் அத சுண்ணாம்புன்னே நெனச்சுட்டாங்க, அது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட்டு. கூட இருக்கிற டியூனைட் பாறையிலயும் மெக்னீசியம்தான் ரொம்ப, நிக்கல் குரோமியம் வேற இருக்கு, கால்சியம்தான் கொறச்சல். மெக்னீசியம் மிஞ்சிப்போனா வேரு இருக்கிற கால்சியத்தையும் எடுக்காது, அந்த மேட்டுல தழைச்சத்தும் (நைட்ரஜன்) கெடையாது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கெடையாது.

பட்டுப்போன கன்னு ஒண்ண மெதுவா தோண்டி வேர பாருங்க. இந்த மாதிரி மேட்டுல நான் புடுங்கி பாத்தப்ப, செம்மண் போட்ட குழிக்குள்ளயே வேரு பம்பரக்கயிறு மாதிரி சுத்தி சுத்தி நின்னுச்சு, ஒரு நூலு கூட வெளிய வெள்ளக்கல்லுக்குள்ள போகல. கல்லு மேட்டுல தொட்டி வெச்ச கதைதான், தண்ணி நிறுத்துனதும் காஞ்சிடும்.

அதனால மரத்த இப்ப மறந்துடுங்க, மொதல்ல புல்லும் கொழிஞ்சிச் செடியும் வரட்டும். பக்கத்துல பழைய மேட்ட சுத்தி பாத்தா தானா மொளச்சது என்னன்னு தெரியும், ஆவாரை, விராலி, கொழிஞ்சி இருந்தா அந்த வெதையவே சேத்து வைங்க, இதுல ஆடு அவ்வளவா வாய் வெக்காது, கொழிஞ்சி தழைச்சத்தையும் மண்ணுல சேக்கும். ஆவாரை வெதை தோலு கெட்டி, கொதிக்க வெச்சு எறக்குன தண்ணியில ராத்திரி பூரா ஊறப்போட்டு வெதைங்க. சரிவுல குறுக்க குறுக்க வெட்டிவேர் வரிசை போட்டா மழைக்கு மண்ணு சரியாது. ஐப்பசி ரொம்ப லேட்டுங்க, ஆவணி கடைசியிலயே வெதைச்சா ரெண்டு மாச மழை கெடைக்கும்.

சுண்ணாம்பு மட்டும் போட்டுடாதீங்க, மண்ணு ஏற்கனவே காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு நேர் எதிர். ஜிப்சம் போட்டா காரம் ஏறாம கால்சியம் கெடைக்கும். எவ்வளவுங்கிறத சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ண குடுத்து பாத்துட்டு போடுங்க. தப்பிச்ச 8 கன்ன விட்டுடாதீங்க, சுத்தி மக்குன எரு போட்டு, மேல இலை தழையால மூடாக்கு போடுங்க.

கேள்வி: சுரங்கத்த குத்தகை எடுத்தவங்க இதெல்லாம் செய்யணும்னு சட்டம் இருக்கா?

பதில்: இருக்குங்க. 2020 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, சுரங்கம் முடிஞ்ச எடத்துல திரும்ப புல்லு வளத்து, தீவனமும் செடி கொடியும் உயிரினங்களும் வாழுற மாதிரி ஆக்கித் தரணும்னு. கவனிச்சீங்களா, கோர்ட்டு கேட்டதும் மொதல்ல புல்லுதான். தோண்டுறப்பவே மேல்மண்ண தனியா எடுத்து வெக்கணும்னும் விதி இருக்கு, அந்த மண்ணு எங்க போச்சுன்னு கிராம சபையில எழுதிக் குடுத்து கேளுங்க, அந்த மண்ணு கெடைச்சா உங்க வேலையில பாதி முடிஞ்ச மாதிரி.

கேள்வி: ஏற்காட்டுல பாக்சைட் (அலுமினிய தாது) எடுத்த எடத்துக்கும் இதே வைத்தியம்தானா?

பதில்: நேர் எதிருங்க! மலை மேல இருக்கிறது மழை கரைச்சு கரைச்சு மிஞ்சுன மண்ணு, புளிப்பு (அமிலம்), அலுமினியம் ஜாஸ்தி, மணிச்சத்து செடிக்கு எட்டாது. கீழ வெள்ளக்கல் மேட்டுக்கு வேண்டாம்னு சொன்ன சுண்ணாம்ப அங்க மண்ண பாத்துட்டு கொஞ்சம் போடலாம். வெறும் சில்வர் ஓக்கா நட்டு வெக்கிறது மட்டும் வேண்டாம், அது ஆஸ்திரேலியா மரம், காப்பித்தோட்டத்துல நெழலுக்கும் மெளகுக்கும் சரி. அங்கயும் புல்லுலயே ஆரம்பிச்சு, நாவல் மாதிரி நம்ம மரத்த ஓரத்து காட்ட ஒட்டி வைங்க, பழம் தின்ன வர்ற குருவி மத்த வெதைய தானே கொண்டாந்து போடும்.