கலாம் வீடு எது? வேன் பேசும் முன் கேளுங்கள்

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: ‘அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் வளர்ந்த வீட்டைப் பார்த்தே ஆகணும் என்கிறார். டிராவல்ஸ்காரர் பேக்கேஜில் “கலாம் வீடு” உண்டாம். அம்மாவால் முடியுமா?’

முதலில் டிராவல்ஸ்காரர் சொல்வது எந்த இடம் என்று கேளுங்கள். பல வேன்காரர்களுக்குக் கலாம் வீடு என்றால் பேக்கரும்பு நினைவிடம்தான். 2015-ல் அவரை அடக்கம் செய்த இடம் அது, மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ கட்டியது, 2017 ஜூலை 27-ல் திறக்கப்பட்டது. மதுரையிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி வரும்போது ஊருக்குள் நுழைவதற்கு முன்பே சாலையோரம் வந்துவிடும், வண்டி நிறுத்துவதும் சுலபம், அதனால் அங்கேயே இறக்கிவிட்டு ‘கலாம் வீடு முடிஞ்சுது, அடுத்து கோயில்’ என்று கிளப்பிவிடுவார்கள். நினைவிடம் பார்க்க வேண்டிய இடம்தான், கலாம் வீணை வாசிக்கும் சிலைகூட உள்ளே இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மா கேட்டது அதுவல்லவே.

வீடு இருப்பது ஊருக்குள், பள்ளிவாசல் தெருவில். கோயிலிலிருந்து பத்து நிமிட நடை. 19-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பூர்வீக வீடு, பிறகு மாடி வைத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். விருதுகளும் படங்களும் மாடியில், படியேறித்தான் போக வேண்டும். இந்த ஒரு தகவலை எந்தச் சுற்றுலா நோட்டீஸாவது போடுகிறதா? வயதானவர்களை நம்பித்தான் ராமேஸ்வரம் பேக்கேஜே ஓடுகிறது, அவர்களுக்கு வேண்டிய விவரம் மட்டும் எதிலும் இருக்காது.

மெதுவாக ஏறினால் முடியும், ஆனால் வரிசை முக்கியம். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, பிராகாரமும் சுற்றி, ஈரப் புடவையோடு வந்தால் எந்த முழங்காலும் கேட்காது. தீர்த்தம் ஆடப்போவதில்லை என்றால் பிரச்சினை இல்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். தலையில் தெளித்துக்கொள்வது மட்டும்தான் என்றாலும் சரி. முழுக்க ஆடுவதாக இருந்தால் அன்று வீடு வேண்டாம், ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலையில் போங்கள். ஒரே நாளில் எல்லாம் என்று அடித்துச் சொல்லும் டிராவல்ஸை விட்டுவிடுங்கள்.

அப்புறம், முன்பணம் கொடுக்கும்போது ரசீதில் ‘பள்ளிவாசல் தெரு வீடு’ என்றே எழுதி வாங்குங்கள். வேன் தெருவுக்குள் வராது என்றால் கோயில் பக்கம் ஆட்டோ பிடிக்கலாம், வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வழியில் சங்குக் கடையில் நிறுத்தினால் இறங்கவே இறங்காதீர்கள், அந்தக் கமிஷன் உங்கள் தலையில்தான் விடியும்.