ரம்பொடை வளைவுகளில் ஃபோன் போடும் மதிப்பெண்: காப்புறுதிக் கழிவை நம்பலாமா?

கேள்வி: தலவாக்கலையில் வேன் வைத்து ஹயர் ஓடுகிறேன். ஃபுல் இன்சூரன்ஸுக்கு வருடம் 72,000 ரூபா கட்டுகிறேன். ஃபோனில் ஒரு ஆப்பைப் போட்டு ஓடினால், ஓட்டும் விதத்துக்கு அது போடும் மதிப்பெண்ணைப் பார்த்து அடுத்த வருடம் 15 சதவீதம் வரை குறைப்பார்கள் என்கிறார் முகவர். அடிக்கடி ரம்பொடை மலைப்பாதையில் ஏறி இறங்குகிற எனக்கு இது சரிவருமா?

பதில்: முழு 15 சதவீதமும் கிடைத்தால் 10,800 ரூபா மிச்சம். 5 சதவீதம் என்றால் 3,600. நீங்கள் 3,600-ஐ வைத்தே கணக்குப் பாருங்கள். மலைப்பாதையில் மதிப்பெண் எளிதில் இறங்கிவிடும்.

ஃபோனிலுள்ள முடுக்கமானி, பிரேக் போடுவதையும் வளைவில் பக்கவாட்டாகத் தள்ளுவதையும் அளக்கிறது. சுழல்மானி திரும்பும் வேகத்தை. இவற்றை ஜிபிஎஸ் வேகத்தோடு சேர்த்துத்தான் நீங்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பை ஆப் கணிக்கிறது. ஒரு செக்கனில் மணிக்கு 11 கிலோமீற்றர் அளவுக்கு வேகம் விழுந்தால் அது பெரும்பாலும் கடும் பிரேக்காகப் பதிவாகும். 10 சதவீத இறக்கத்தில் சீராக இறங்கினாலும், சரிவைக் கழிக்கத் தெரியாத ஆப்புக்கு அது இலேசாக பிரேக் பிடித்தபடி வருவதாகவே தோன்றும். சமதரையில் எல்லை தாண்டாத பிரேக்கும் அப்போது தாண்டிவிடும். ஆகவே இறக்கத்துக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். 15 மீற்றர் ஆரமுள்ள வளைவை 25 கிலோமீற்றரில் எடுத்தால் பக்கவாட்டுத் தள்ளல் புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. 20-இல் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த 5 கிலோமீற்றர் மதிப்பெண்ணை மட்டுமல்ல, பின் சீட்டில் இருப்பவர்களையும் காக்கும்.

ஃபோனை டாஷ்போர்டில் சும்மா வைக்காதீர்கள். வளைவில் அது சறுக்கினால், நீங்கள் ஃபோனைக் கையிலெடுத்ததாகப் பதிவாகலாம். இறுக்கமான ஸ்டாண்ட் ஒன்றில் மாட்டுங்கள். பஸ்ஸில் போன பயணமும் உங்கள் கணக்கில் ஏறக்கூடும்; அன்றன்றே ஆப்பில் அதை 'பயணி' என்று மாற்றிவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் மூன்று வாரம் சோதனையாக ஓட விடுவார்களா என்று கேளுங்கள். மதிப்பெண் குறைந்தால் கட்டணம் கூடுமா, கூடாதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூடும் என்றால் வேண்டாம். இழப்பீடு கேட்காமல் ஓடியதற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸுக்கு மேலதிகமாகத்தான் இந்தக் கழிவா என்பதையும் பாருங்கள். போனஸைக் குறைத்துவிட்டு இதைத் தருவதென்றால் உங்களுக்கு நட்டம்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. போலிசியில் வேன் ஹயருக்கு என்றுதான் பதிவாகியிருக்கிறதா? 'பிரைவேட்' என்றிருந்தால், நீங்கள் தினமும் ஹயர் ஓடுவதை ஆப்பின் பயணப் பதிவே காட்டிக்கொடுக்கும். இழப்பீட்டை மறுக்க அது போதும். முதலில் அதைத் திருத்துங்கள், ஆப் பிறகு.