துருத்தி பிடிப்பவர்

வணக்கம் அக்கா,

மொட்டைமாடியில் சின்னதாக ஒரு கரியுலை கட்டிக் கொல்லுவேலை பழக ஆசை. நெருப்புச் செங்கல் வாங்கியே ஆக வேண்டுமா, களிமண் போதுமா? காற்றுக்கு ஹேர் டிரையர் வைத்திருக்கிறேன். குழாய்க்கு வீட்டில் கிடக்கும் ஜி.ஐ. பைப். வீடியோவில் பார்த்தால் இரண்டு நாள் வேலைதான் போலிருக்கிறது.

ர., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பழைய கொல்லுப்பட்டறை இருந்த இடத்தில் வெல்டிங் கடை வந்துவிட்டது. அந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

களிமண் போதும். மணல் கலந்து பிசைந்து நிழலில் காயவிடுங்கள்.

ஜி.ஐ. பைப்பை மட்டும் நெருப்புக்கிட்டே கொண்டுபோகாதீர்கள். படித்த பிள்ளைதானே? அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. 907 டிகிரி செல்சியஸில் அது கொதித்து ஆவியாகும். இரும்பை அடிக்க உலை 1,100 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்றைக்கு ராத்திரியே குளிர்காய்ச்சல்தான். பூச்சில்லாத இரும்புக் குழாய் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். உலையை மாடித் தளத்தின் மேல் நேராக வைக்க வேண்டாம். சூடேறினால் சிமென்ட் தெறிக்கும்.

கரியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை! ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி நல்லது. நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிடுங்கள்.

சரி, ஹேர் டிரையர். எனக்குக் கோபம் வருவது இதில்தான். உலை கட்டுகிற எல்லோரும் காற்றை ஏதாவது ஒரு மோட்டாரிடம் விட்டுவிட்டுச் சுத்தியலுக்கு ஓடுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில் உலைக்குக் காற்று ஊதும் துருத்தியைப் பிடித்தது ஆசாரியின் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மழைக்கு முன்னால் கொழுவும் மண்வெட்டியுமாகக் குவிந்து கிடக்கும். அவர் கண் நெருப்பை விட்டு நகராது. இரும்பு சிவந்து செம்மஞ்சளுக்கு வரும்போது கயிற்றை இழுக்கிற வேகம் தானாகக் குறையும். ஆசைக்கு நாங்கள் பிடித்து வேகமாக இழுத்தால் கையைத் தட்டிவிடுவார். வெள்ளைப் பொறி கிளம்பினால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம், அப்புறம் அது எதற்கும் ஆகாது. பதம் வந்ததும் அவர் நிறுத்துவார், ஆசாரி குறட்டால் எடுப்பார். உடனே அக்கா எழுந்துவந்து சம்மட்டியும் அடிப்பார். அப்படியும் ஊரில் எல்லோரும் "ஆசாரி அடிச்ச அருவா" என்றுதான் சொன்னார்கள். ஒருவர்கூட அக்கா பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் பார்த்த வீடியோவிலும் சுத்தியல்தானே தெரிந்தது?

கரிக்குக் கொஞ்சம் காற்று போதும். ஹேர் டிரையர் ஓயாமல் ஊதிக் கரியைத் தின்னும், பொறியைப் பறக்கவிடும். குழாய் வாய்க்கு நேரே இரும்பை வைத்தால் புதுக்காற்று பட்டுச் செதில் செதிலாக உரியும். நாலு விரல் மேலே வையுங்கள். அதற்குள் கரி காற்றைத் தின்றிருக்கும். இரும்புக்கு மேலேயும் கரி மூடியிருக்க வேண்டும்.

கையால் சுற்றுகிற ப்ளோயர் ஒன்று தேடிப் பாருங்கள். முதல் நாள் சுத்தியலைத் தொடாமல், ஒரு கம்பியை உள்ளே விட்டு நிறம் மாறுவதை மட்டும் பாருங்கள். அதுவும் வெயில் சாய்ந்த பிறகு. நடுப்பகலில் நிறம் சரியாகத் தெரியாது. பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

உலை பற்றியதும் எழுதுங்கள். யார் காற்றுப் பிடித்தார்கள் என்பதையும் சேர்த்து.