சக்கரக் காலணியில் கடைக்குப் போகலாமா?

கேள்வி: கீழக்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து கடை இரண்டரைக் கிலோமீட்டர். பைக் வாங்க இப்போது வசதியில்லை. சென்னையில் ஒருவர் இன்லைன் ஸ்கேட்ஸ் (ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள காலணி) மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. இணையத்தில் 2,400 ரூபாய்க்கு ஒரு ஜோடி இருக்கிறது. 'ஏபெக் 7 பேரிங்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
– 23 வயது வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு நாள் அந்த இரண்டரைக் கிலோமீட்டரையும் தரையைப் பார்த்தபடியே நடந்துவிட்டு வாருங்கள். தார்ச்சாலை எவ்வளவு, பேவர் பிளாக் எவ்வளவு, ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துச் சைக்கிள்காரர்களைப் பாடாய்ப் படுத்தும் சீமைக் கருவேல முள் இந்தச் சக்கரத்தை ஒன்றும் செய்யாது. சக்கரம் முழுக்கப் பாலியூரித்தேன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே காற்று கிடையாது. மணல்தான் ஆபத்து. ஓடி வந்த சக்கரம் மணல் திட்டில் ஏறியதும் நின்றுவிடும், உடம்பு நிற்காது. வழியில் பாதிக்கு மேல் நல்ல தார்ச்சாலை இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு ஒரு பழைய சைக்கிள் பாருங்கள். உங்கள் ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை, முன்பற்கள் மேல் உள்ள அக்கறையால் சொல்கிறேன்.

சாலை ஒத்துவந்தால் அடுத்தது காலணி. நீங்கள் பார்த்த ஜோடியில் பொத்தானை அழுத்தி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் அது வளரும் பிள்ளைகளுக்குச் செய்தது. அவற்றில் சக்கரம் 64 முதல் 72 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு சின்ன ஜல்லிக்கல்லே தடுக்கிவிடும். தினமும் சாலையில் போக 80 மில்லிமீட்டராவது வேண்டும். 100, 110 என்று பெரிதானால் மேடு பள்ளத்தை எளிதாகத் தாண்டும். ஆனால் நிற்கும் உயரமும் கூடுவதால் புதிதாகப் பழகுபவருக்குத் தடுமாற்றம். சக்கரத்தின் பக்கவாட்டில் 82ஏ, 85ஏ என்று அச்சிட்டிருப்பது கடினத்தன்மை. எண் குறைந்தால் மென்மை. சொரசொரப்பான சாலையின் அதிர்வு காலுக்கு வராது, ஆனால் சீக்கிரம் தேயும்.

ஏபெக் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1, 3, 5, 7, 9 என்று போகும் அந்த எண், பேரிங்கை, அதாவது சக்கரத்தைச் சுழல வைக்கும் குண்டு வளையத்தை, எவ்வளவு துல்லியமான அளவில் செய்திருக்கிறார்கள் என்பதற்குத்தான். துரு பிடிக்குமா, மணல் புகுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. கடலோரத்தில் நமக்கு வேண்டியதோ அந்தப் பதில்தான். விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: சக்கரத்தை ஆலன் சாவியால் (அறுகோணத் திருகு சாவி) கழற்ற முடியுமா? பேரிங் 608 அளவுதானா?

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் அக்கா மகனுக்கு இணையத்தில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். ஒரு கச்சான் காற்றுக் காலம் முடிவதற்குள் சக்கரங்கள் கரகரவென்றன. பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால், திருகாணிக்குப் பதிலாக ரிவெட் அடித்திருந்தார்கள். அறுத்து எடுத்துப் பார்த்தபோது பேரிங்குக்குள் கிரீஸும் துருவும் நுண்மணலும் சேர்ந்து பழுப்பு நிறக் களிம்பாக இறுகிக் கிடந்தன. குண்டுகள் நகரவே இல்லை. நல்ல காலணி, சில நூறு ரூபாய் உதிரிபாகத்தை மாற்ற வழியில்லாமல் குப்பைக்குப் போனது.

608 என்பது 8 மில்லிமீட்டர் துளை, 22 மில்லிமீட்டர் வெளிவட்டம், 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பொது அளவு. பேரிங் விற்கும் கடையில் கேட்டாலே கிடைக்கும். 'இசட்இசட்' என்றால் தகர மூடி, '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் மூடி. ரப்பர் மூடியையே கேளுங்கள், மணலை அதுதான் ஓரளவு தடுக்கும். காலுக்கு நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு பேரிங் என்று ஒரு ஜோடிக்கு 16 பேரிங் வேண்டும்.

செலவுக் கணக்கில் ஹெல்மெட்டையும் மணிக்கட்டுக் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழும்போது எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுகிறோம். குதிகாலில் இருக்கும் பிரேக் ரப்பரால் நிற்கப் பழகிய பிறகே கடைத்தெருப் பக்கம் போங்கள். வாடைக் காலத்தில் சாலை ஈரமாகிவிட்டால் சக்கரம் வழுக்கும்; அன்று டவுன் பஸ்தான். பையில் ஒரு ஜோடி செருப்பும் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: மகளுக்கு வாங்கிய ஸ்கேட்ஸ் இரண்டே மாதத்தில் துருப்பிடித்துச் சுற்றவில்லை. ஆறு மாத உத்தரவாதம் என்றார்கள். இப்போது "துருவுக்குப் பொருந்தாது" என்கிறார் இணைய விற்பனையாளர். என்ன செய்யலாம்?
– இல்லத்தரசி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, வாங்கும்போது காட்டிய உத்தரவாத வாசகத்தில் துரு விலக்கு இருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பிறகு சேர்த்துச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. புகாரை எழுத்திலேயே அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில், பொருளின் விளம்பரப் படம், துருப்பிடித்த சக்கரத்தின் படம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முடிவு தெரியும்வரை எதையும் பிரிக்காதீர்கள்.

புதிய ஜோடி வந்தபின் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஓட்டி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் படாத பையில் வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை பேரிங்கின் ரப்பர் மூடியை ஊசியால் மெல்ல நெம்பி எடுத்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும்.

கேள்வி: பாம்பன் சாலைப் பாலத்தில் ஸ்கேட்ஸில் போகலாமா?
– கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: வேண்டாம் தம்பி. பக்கக் காற்று ஆளையே தள்ளும், பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் சக்கரம் சிக்கும், கடலைப் பார்க்க வண்டிகள் திடீரென்று நிற்கும். கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கடந்து, அக்கரையில் மாட்டிக்கொள்ளுங்கள்.