புதிய நெடுஞ்சாலை சுங்கச்சாலையாக வந்தால் மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

சுங்கச்சாலை என்றால், போகிற ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்ட வேண்டிய சாலை. அரசிடம் மொத்தமாகப் பணம் இல்லாதபோது கடன் வாங்கியோ தனியாரிடம் ஒப்படைத்தோ சாலையைப் போட்டுவிட்டு, அந்தச் செலவைப் பல வருடங்களுக்கு வண்டிக்காரர்களிடம் வசூலிக்கிறார்கள்.

எரிபொருள் வரி, வாகன வரி எல்லாம் ஏற்கெனவே கட்டியாயிற்றே என்பதுதான் முதல் கோபம். தண்ணீருக்கும் சேர்த்து வாடகை வாங்கிய வீட்டுக்காரர், குழாயைத் திறக்கும்போதெல்லாம் தனியாகக் காசு கேட்டால் எப்படி இருக்கும், அதுபோலத்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விஷயம் மாற்றுவழி. ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுக்கு 1995-இல் பாலம் திறந்ததும் அங்கே அதுவரை ஓடிய படகுச் சேவையை நிறுத்திவிட்டார்கள், அந்த வழியாகப் போகிறவர்கள் பாலத்தில் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்றானது. பலர் கட்ட மறுத்தார்கள், வழக்குகள் பாய்ந்தன, கடைசியில் 2004 டிசம்பரில் அரசே பாலத்தை வாங்கிக் கட்டணத்தை ரத்து செய்தது.

அப்புறம் ஒப்பந்தக் காலம். கனடாவின் ஒன்டாரியோவில் 407 நெடுஞ்சாலையை 1999-இல் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது 99 வருடங்களுக்கு! பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் சேர்த்துப் போடும் கையெழுத்து அது.

கட்டணத்தைத் தவிர்க்கும் லாரிகள் ஊர்களின் குறுகலான தெருக்களுக்குள் நுழைவதும் உண்டு, அதனால் சொந்த வண்டி இல்லாதவருக்கும் இதில் பாதிப்பு இருக்கிறது.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் சாலையே வேண்டாம் என்கிறார்கள் என்று நினைப்பது தவறு. பலர் கேட்பது, கட்டணமில்லாத பழைய வழியையும் ஒழுங்காகப் பராமரியுங்கள், வசூல் எப்போது முடியும் என்ற கணக்கைக் காட்டுங்கள் என்பதுதான்.