மருந்தக அக்கா பதில்கள்: பைக்குள் ஒரு பால்

கேள்வி: அக்கா, அப்பா ரப்பர் மரம் சீவியவர். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு வாய்வழிச் சாப்பாடு இல்லை. கழுத்து நரம்பில் பால் மாதிரி ஒன்றை ஏற்றுகிறார்கள். நேற்று வந்த புதுப் பையை மிஸ்ஸி (நர்ஸ்), "மஞ்சளா எண்ணெய் பிரிஞ்சு நிக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எண்ணெயை ரத்தத்தில் விடலாமா? அவருக்கு எலும்பு பலவீனம், கால்சியம் ஊசியை அதே பையில் கலந்துவிடச் சொல்லட்டுமா? (படம் இணைத்துள்ளேன்.)
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்த மிஸ்ஸிக்கு ஒரு கும்பிடு போடுங்கள், தங்கச்சி.

அப்பா மரம் சீவியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருக்கே இது புரியும். ரப்பர் பாலில் துணுக்குகள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஆசிட் விட்டால் அந்தத் தள்ளுதல் போய், பால் கட்டிவிடும். ஸ்டோர் வந்து சேரும்வரை கட்டாமலிருக்க என் அம்மா வாளியில் அமோனியா விடுவார். அந்த நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பையில் இருப்பதும் அதே சங்கதிதான். சோயா எண்ணெய்த் துளிகளுக்கு முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள்தான் போர்வை. சராசரித் துளி அரை மைக்ரோனுக்குள் இருக்கவேண்டும் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துளிகள் சேர்ந்து 5 மைக்ரோனைத் தாண்டினால் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கக்கூடும். பருத்திவிதை எண்ணெயில் செய்த பழைய கலவைகள் காய்ச்சலும் காமாலையும் கொடுத்ததால் கைவிடப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் அர்வித் வ்ரெட்லிண்ட் சோயாவில் செய்ததுதான் நிலைத்தது. ஆகவே, விடலாம். முட்டை, சோயா ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேலே வெள்ளையாக ஏடு மாதிரி நின்றால் பயமில்லை, மெல்லப் புரட்டினால் கலந்துவிடும். மஞ்சள் எண்ணெய் தனியே நின்றால் பால் உடைந்துவிட்டது. எவ்வளவு குலுக்கினாலும் சேராது, குப்பைக்குத்தான்.

கால்சியமா? வேண்டவே வேண்டாம்! தேவையான அளவை மருந்தாளர் கணக்குப் போட்டு ஏற்கெனவே சேர்த்திருப்பார். அதற்கு மேல் ஊற்றினால், கால்சியத்தின் இரட்டை நேர்மின்னூட்டம் ஆசிட் செய்த வேலையையே இங்கும் செய்யும். போதாததற்கு, பையில் இருக்கும் பாஸ்பேட் உப்போடு சேர்ந்து மணல் மாதிரி படியும். தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியும், பாலில் மறைந்துகொள்ளும். 1994இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காகவே எச்சரிக்கை விட்டது, இரண்டு பேர் இறந்த பிறகு. குழாயில் 1.2 மைக்ரோன் வடிகட்டி மாட்டுவது அதனால்தான். பை கலக்கும் எங்கள் அறையில் பாஸ்பேட் முதலில், கால்சியம் பின்னால், கொழுப்பு கடைசியில். வரிசை தப்பினால் எங்கள் தலைவி பையைக் கொட்டச் சொல்லிவிடுவார்.

படத்தில் பையின் உறை விலகியிருக்கிறதே, படம் எடுக்க நீங்கள் கழற்றியதா? கொழுப்பும் வைட்டமினும் வெளிச்சத்தில் கெடும். இன்றே மிஸ்ஸியிடம் சொல்லி மாட்டச் சொல்லுங்கள்.